தங்கச்சி வீட்டு மரக்கதவு

எங்கள் கெடா பக்கத்தில் வீடு வாங்குகிறவர்கள் கார் நிறுத்தும் இடத்துக்குக் கதவு போடுவதில்லை. வீட்டுக்கு முன்னால் கூரையை இறக்கி, தரையில் ஓடு பதித்து, தெருவோரம் இரும்பு கேட்டைப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது. அதைப் போர்ச் என்பார்கள். கார் அங்கே நிற்கும், துணி அங்கே காயும், கல்யாணத்துக்கு முதல்நாள் சமையலும் அங்கேதான். நகராண்மைக் கழகத்தின் கட்டடப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வரைபடத்தில் கராஜ் என்று எழுதி, அதற்கு மரக்கதவும் காட்டியிருந்த மனுக்கள் என் மேசைக்கு வந்தது அபூர்வம். வந்த சிலவற்றையும் யாரோ வெளிநாட்டுப் பத்திரிகையைப் பார்த்து வரைந்திருப்பார்கள். அப்படிக் கட்டிய கதவுகள் இரண்டு மழைக்காலம் தாண்டியதை நான் பார்த்ததில்லை.

ஆகவே என் தங்கச்சி புருஷன் தொலைபேசியில் கூப்பிட்டு, "மச்சான், பக்கவாட்டுல கராஜ் கட்டி மரக்கதவு போடலாம்னு இருக்கேன். ஆர்டர் கொடுத்துச் செய்யறது" என்றபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

"என்ன சிரிப்பு?"

"துரை பங்களா கனவுல வந்துச்சா?"

அவர் கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்தவர். தோட்டத்துக் கிராணிமார்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஓய்வு பெற்றதும் சொந்த வீட்டில் துரை பங்களாவின் ஏதாவது ஓர் அங்கத்தை ஒட்டவைத்துக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், தங்கச்சி இருக்கும் அதே செமிலிங்கில், அந்த வெயிலில் புகைபோக்கி கட்டினார். துரை பங்களாவின் கராஜுக்குப் பச்சைச் சாயம் அடித்த மரக்கதவு இருந்தது உண்மைதான். அது கெடாமல் இருந்ததற்கு மரம் காரணமில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை தோட்டத்து ஆட்கள் வந்து சுரண்டித் தேய்த்துச் சாயம் பூசிவிட்டுப் போனார்கள். துரை ஒரு விரலையும் அசைக்கவில்லை. கிராணிமார்களுக்குக் கதவு ஞாபகம் இருக்கும், தேய்த்த ஆட்கள் ஞாபகம் இருக்கமாட்டார்கள்.

இதையெல்லாம் நான் அவரிடம் விளக்கிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி கை மாறியது.

"அண்ணே, கதவு அவருக்கு இல்ல. எனக்கு" என்றாள் தங்கச்சி.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் சுங்கைப் பட்டாணியில் டயாலிசிஸ். அவளுக்குக் கிடைத்தது இரண்டாவது ஷிப்ட், பதினொன்றரைக்குப் படுக்கையில் இருக்கவேண்டும். அதனால் வீட்டிலிருந்து கிளம்புவது பத்தரைக்கு, தெருவில் எல்லாரும் வெளியே இருக்கும் நேரத்தில். கால் வீங்கியிருக்கும், தானாக ஏறி உட்கார முடியாது. மச்சான் அவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, இருக்கையில் சாய்த்து, பிறகு காலை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைக்கவேண்டும். இவ்வளவும் திறந்த போர்ச்சில் நடக்கும். தெரு பார்க்கும். அந்தத் தெருவில் பாதிப் பேருடைய பிள்ளைகளுக்கு அவள்தான் பாலர் பள்ளியில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள்.

"எதிர்வீட்டம்மா தினமும் கேக்குது அண்ணே. இன்னைக்கு உடம்புல இருந்து எத்தனை லிட்டர் தண்ணி எடுப்பாங்கன்னு. பக்கத்து வீட்டுல ஒருத்தவங்க என்னைத் தூக்கறதைப் பார்த்து அழுதுட்டாங்க."

"மூஞ்சில அடிச்ச மாதிரி ஏதாச்சும் சொல்லிவிட வேண்டியதுதானே?"

"நல்லவங்கதான் அண்ணே. அதான் தாங்க முடியலை."

"அப்ப ரோலர் ஷட்டர் போடு. ஒரு நாள் வேலை."

"அது கடைக்குப் போடறது. ஏத்தும்போது கடகடன்னு சத்தம் போட்டு, இதோ கிளம்பிட்டா பாருங்கன்னு தெருவுக்கே சொல்லும். மோட்டார் வச்சதும் வேணாம், இங்க இடி இடிச்சா கரண்டு போயிரும். எனக்குச் சத்தமில்லாம திறக்கணும், அவ்வளவுதான். நான் உள்ளயே ஏறிக்கணும். கதவு திறந்தா கார் போயிடணும்."

இதில் சிரிக்க எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. பென்சிலை எடுத்தேன். சத்தமில்லாமல் திறக்க வேண்டுமென்றால் கீலில் ஆடும் இரட்டை மரக்கதவுதான். முட்டாள்தனமான பொருள், ஆனால் அந்த ஒரு வேலைக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

முதலில் மச்சானும் நானும் சுங்கைப் பட்டாணியில் கண்ணாடி முகப்புப் போட்ட பெரிய கதவுக் கடை ஒன்றுக்குப் போனோம். குளிர்சாதனம், காப்பி, தோல் நாற்காலி எல்லாம் இருந்தது. கதவைப் பற்றித் தெரிந்த ஆள் மட்டும் இல்லை. விற்பனையாளர் கையடக்கத் திரையில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். பாதி, மரம் மாதிரி சாயம் அச்சடித்த தகரம். நிஜ மரம் வேண்டும் என்றதும் ஒரு துண்டைக் கொண்டுவந்து வைத்தார். வெளிர்நிறம், வழவழப்பு, துண்டு துண்டாக ஒட்டியது.

"இது என்ன மரம்?" என்று மச்சான் கேட்டார்.

"ரப்பர்வூட் அங்கிள். பிரீமியம்."

வாழ்நாளெல்லாம் பால்மரத்துக்கு நடுவில் இருந்த மனிதர் அந்தத் துண்டைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. வெட்டிப் போட்ட பால்மரம் வெளியே கிடந்தால் சில வாரத்தில் நீலம் பூத்து உளுத்துப்போகும் என்பது தோட்டத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். மருந்தேற்றினால் நாற்காலி செய்யலாம், கட்டில் செய்யலாம், மழைச்சாரல் அடிக்கும் கதவு செய்ய முடியாது. ஆனால் கிராணி மரத்தைப் பார்த்தது ஏட்டில்தான். எத்தனை மரம், எத்தனை பேர், எவ்வளவு பால். மரத்துக்குள் என்ன இருக்கிறது என்பது அவருடைய இலாகா இல்லை.

பீடோங்கில் ஒரு மரப்பட்டறை இருக்கிறது. அங்கே முதலாளி ஒரு சீனத் தவுக்கே, தோட்டத்துக்குள் வளர்ந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். நான் செங்கால் மரம் கேட்டேன். கெடாவின் ஈரத்துக்கும் கரையானுக்கும் தாக்குப்பிடிக்கும் மரம் அது ஒன்றுதான் என்பதில்லை, ஆனால் மற்றவற்றைப் பற்றி வாதம் செய்ய எனக்கு நேரமில்லை.

"காஞ்ச மரம்தானே?"

"காஞ்சதுலா அண்ணே. கல்லு மாதிரி."

மரத்தில் ஈரம் அளக்கும் கருவி ஒன்றைப் பழைய அலுவலகத்திலிருந்து இரவல் வாங்கிப் போயிருந்தேன். இரண்டு ஊசியைப் பலகையில் குத்தினால் எண் காட்டும். குத்தினேன். கல்லு மாதிரி காய்ந்த மரம், குளித்துவிட்டு வந்த மாதிரி எண் காட்டியது. தவுக்கே கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க கவர்மெண்டா?"

"இருந்தேன்."

"அப்பவே நினைச்சேன்" என்று சொல்லிப் பின்னால் இருந்த கிடங்கைத் திறந்துவிட்டார். நல்ல மரம் அங்கே இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும். கேட்கிறவனுக்கு மட்டும் திறக்கும் கதவு அது.

மற்றவற்றை நான் தாளில் எழுதிக் கொடுத்தேன். செங்கால் கனமான மரம், ஆகவே நிலையைச் செங்கல்லில் பொருத்தக்கூடாது, கான்கிரீட் தூணில் பொருத்தவேண்டும். கதவுக்கும் தரைக்கும் இடையே சுண்டுவிரல் அளவு இடைவெளி. வார்னிஷ் வேண்டாம், எண்ணெய்தான். தவுக்கே வார்னிஷுக்காகக் கொஞ்சம் வாதாடினார். பளபளவென்று இருக்குமாம். ஆறு மாதம் இருக்கும். பிறகு வெயிலில் வெடித்து, வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் தங்கும். நம் ஊரில் வார்னிஷ் அடித்த வாசல்கதவுகள் தோலுரிந்த பாம்பு மாதிரி நிற்பதற்கு இதுதான் காரணம். அப்படியும் அடுத்த வீட்டுக்காரர் போய் வார்னிஷ்தான் கேட்பார்.

கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது, அதனால் கீல்களும் வெளியே இருக்கும். கீலின் ஊசியைத் தட்டி எடுத்தால் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடலாம். ஆகவே ஊசி கழலாத கீல்களாகப் பார்த்து வாங்கினேன். கதவின் அடிப்பக்கம் யாருக்கும் தெரியாது என்பதால் எந்தத் தச்சனும் அங்கே எண்ணெய் பூசமாட்டான். நான் ஒரு முகக்கண்ணாடியைக் கதவுக்கு அடியில் விட்டுப் பார்த்தேன். பூசவில்லை. கதவைக் கழற்றவைத்து, பூசவைத்து, காயவைத்து, மறுபடியும் மாட்டவைத்தேன். தச்சர் என்னைப் பற்றி மலாயில் ஏதோ முணுமுணுத்தார். நான் அதைவிட நல்ல வார்த்தைகளெல்லாம் கேட்டவன்.

கட்டட அனுமதிக்கும் முறைப்படி மனுப் போட்டேன். "எல்லாரும் பெர்மிட் இல்லாமத்தான் கட்டறாங்க மச்சான்" என்றார் அவர். அதனால்தான் எல்லார் வீடும் ஒழுகுகிறது என்றேன்.

கடைசியாக ஒரு பராமரிப்புத் தாள் தயாரித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கதவின் உட்பக்கம் மாட்டினேன். மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து, கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை லேசாகத் தேய்த்து, மர வரியின் போக்கிலேயே எண்ணெய். தரையோரம் கரையான் மண் ஏறுகிறதா என்று பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதியும் கையெழுத்தும் போடக் கட்டம்.

கதவு நன்றாக வேலை செய்தது. முதல் செவ்வாய்க்கிழமை நான் தெருவில் நின்று பார்த்தேன். பத்தரை மணிக்கு இரண்டு பக்கமும் காற்றுக்குத் திறப்பதுபோல் திறந்தன. கார் வந்தது, போனது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் யார் என்று தெரியவில்லை. எதிர்வீட்டம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்ப்பதற்குள் காரின் பின்விளக்குதான் மிச்சம் இருந்தது. அன்று சாயங்காலம் தங்கச்சி என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, இன்னைக்கு என்னை யாரும் எதுவும் கேக்கலை" என்றாள். ஏதோ பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி சொன்னாள்.

நாலைந்து மாதம் கழித்துக் கதவைச் சோதிக்கப் போனபோது வலப்பக்கக் கதவு தரையை உரசியது. கீழ்ச்சட்டம் கறுத்திருந்தது. நான் மச்சானைக் கூப்பிட்டேன்.

"எண்ணெய் பூசினீங்களா?"

"பூசினேன். இதோ கையெழுத்து இருக்கு."

"கையெழுத்து இருக்கு. தோட்டத்துச் செக்ரோல் ஏட்டுல வேலைக்கு வராத ஆளுக்கும் பேர் எழுதின கை உங்களுது. எண்ணெய் எங்க?"

அவர் முகம் சிவந்தது. "பிள்ளையார் மேல சத்தியமா பூசினேன் மச்சான்."

நான் நம்பவில்லை. பிள்ளையாரைச் சாட்சிக்கு இழுப்பவன் பெரும்பாலும் வேறு சாட்சி இல்லாதவன். உரசும் இடத்தை இழைத்துச் சரிசெய்துகொடுத்துவிட்டு, வரும் வழியெல்லாம் கிராணிமார்களைப் பற்றி யோசித்துக்கொண்டே சுங்கை லாலாங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தேன்.

அதற்கப்புறம், கதவு போட்டு ஒரு வருடம் ஆகும் சமயத்தில், ஒரு சனிக்கிழமை பத்தேகாலுக்கு அவரே கூப்பிட்டார். குரல் சரியில்லை.

"மச்சான், கதவு திறக்கலை. அவ காருக்குள்ள உக்காந்திருக்கா."

பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். முன்வாசல் வழியாகப் போய், சமையலறைக்குள் இருக்கும் சின்னக் கதவால் கராஜுக்குள் நுழைந்தேன். தங்கச்சி முன்னிருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் டயாலிசிஸ் பை. மச்சான் தோளால் கதவை இடித்துக்கொண்டிருந்தார். கதவு அசையவில்லை. இரண்டு பக்கமும் நடுவில் சேரும் இடத்தில் ஊதிப் பிதுங்கி, அடியில் தரையைக் கவ்விக்கொண்டிருந்தன.

குனிந்து பார்த்தேன். கதவுக்கு அடியில் நீளமாகச் சுருட்டித் திணித்த கோணிச்சாக்கு ஒன்று கிடந்தது. அதைப் பிடித்து இழுத்தேன். சொட்டச் சொட்ட ஈரம். மஞ்சள் நிறம்.

"இது என்ன?"

"சாக்கு."

"அது தெரியுது. இங்க ஏன்?"

அவர் என் கையிலிருந்து சாக்கை வாங்கி மூலையில் போட்டார். தங்கச்சிதான் கார்க் கண்ணாடியை இறக்கினாள். "நேத்து வெள்ளிக்கிழமை, அண்ணே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெள்ளிக்கிழமை காலையில் வாசல் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளிக்காத வீடு நம் ஆட்களில் உண்டா? அவள் நன்றாக இருந்தவரை அவள் கழுவினாள். அவளால் முடியாமல் போனபிறகு அவர் கழுவுகிறார். இதுவரை குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பெரிய கிராணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துடைப்பமும் ஹோஸுமாக வாசல் கழுவுவதைத் தெரு பார்க்கலாமா? கூடாது. அதனால் முன்வாசலை விட்டுவிட்டு, கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு அதன் உள்ளே கழுவியிருக்கிறார். சாத்தினால் மட்டும் போதாது, கதவுக்கடியில் மஞ்சள் தண்ணீர் தெருவுக்கு ஓடினால் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குத்தான் சாக்கு. தரையோ கதவை நோக்கிச் சரிந்திருக்கிறது. வாராவாரம் தண்ணீர் கதவின் காலடியில் தேங்கி நின்று, சாக்கு அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, இரவெல்லாம் மரத்துக்கு ஊட்டியிருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் பூசினாலும் தாங்காது. அவர் பூசித்தான் இருக்கிறார்.

நான் எழுதிய பராமரிப்புத் தாள் அதே கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. கரையான் பற்றி இருந்தது, மர வரி பற்றி இருந்தது. வாசல் கழுவுவதைப் பற்றி ஒரு வரி இல்லை. என் வீட்டில் வெள்ளிக்கிழமை காலை யார் கழுவுகிறார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நான் பார்த்ததில்லை. வேலையில் இருந்தபோது அலுவலகத்தில் இருந்தேன், ஓய்வு பெற்றபின் டீக்கடையில். இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான தரைகளுக்குச் சரிவு காட்டிக் கையெழுத்துப் போட்ட மேதாவி நான்.

"கீலைக் கழட்டலாம்ல மச்சான்?"

"முடியாது."

"ஏன்?"

"ஊசி கழலாத கீல். நான்தான் வாங்கினேன்."

அவர் மறுபடியும் தோளைக் கதவில் கொடுத்தார். என்னை ஏதாவது சொல்லியிருக்கலாம், உரிமை இருந்தது.

மணி பத்து நாற்பது. நான் தங்கச்சியிடம் போனேன். "முன்வாசல் வழியா வா. என் கார் கேட்கிட்டதான் நிக்குது. பத்து எட்டு. நாங்க ரெண்டு பேரும் தூக்கறோம்."

வெளியே ஏற்கெனவே பேச்சுக்குரல் கேட்டது. இடித்த சத்தத்தில் எதிர்வீட்டம்மாவும் அவர் புருஷனும் வந்துவிட்டார்கள். "அண்ணே, என்ன ஆச்சு? டீச்சருக்கு ஒண்ணும் இல்லையே? நாங்க பிடிக்கட்டுமா?" என்று கேட் பக்கமிருந்து சத்தம்.

"வரமாட்டேன்" என்றாள் தங்கச்சி.

"என்ன வரமாட்டே? வியாழக்கிழமையில இருந்து ரெண்டு கிலோவுக்கு மேல தண்ணி ஏறியிருக்கு. இன்னைக்கு விட்டா மூச்சு அடைக்கும்" என்று மச்சான் கத்தினார்.

"தெரியும். கதவை உடைங்க."

"செங்கால் மரம்டி!"

"மரம்தானே. உடைங்க."

தெருவில் நாலு பேர் பார்த்துவிடுவார்கள் என்பதற்காக உயிரைப் பணயம் வைப்பதை வேறு யார் செய்திருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை. வெளியே போய், என் பழைய காரை டிரைவேயில் பின்னுக்கு எடுத்து, இழுவைக் கயிற்றை வலப்பக்கக் கதவின் கைப்பிடியில் கட்டினேன். கைப்பிடி மரத்தைத் துளைத்து மறுபக்கம் போல்ட் போட்டது. அதையும் நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன், ஆகவே பிடுங்கிக்கொண்டு வராது என்று தெரியும். மச்சான் உள்ளேயிருந்து தள்ள, நான் முதல் கியரில் மெல்ல இழுத்தேன். கயிறு விறைத்தது. கார் முனகியது. பிறகு கீழ்ச்சட்டம் பிளந்து, செமிலிங் முழுக்கக் கேட்கும்படி ஒரு அலறலோடு கதவு திறந்தது. சத்தமில்லாமல் திறக்கவேண்டும் என்று ஆர்டர் கொடுத்துச் செய்த கதவு.

உள்ளே தேங்கியிருந்த மஞ்சள் தண்ணீர் டிரைவே வழியாக ஓடி, எதிர்வீட்டம்மாவின் செருப்பை நனைத்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"சனிக்கிழமையில யாரு வாசல் கழுவினது? டீச்சரால முடியாதே?"

இடப்பக்கக் கதவையும் தள்ளித் திறந்துவிட்டுக் காரில் ஏறியிருந்த மச்சான், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிலையாகிவிட்டார். தங்கச்சி காருக்குள் குனிந்துகொண்டாள். எதிர்வீட்டம்மாவின் பார்வை தண்ணீரிலிருந்து மேலே ஏறிக் காரை நோக்கி வந்துகொண்டிருந்தது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவர் வீட்டைக் காட்டினேன்.

"ஏம்மா, உங்க கூரை வடிகாலைத் தாண்டி ரெண்டடி வெளிய வந்திருக்கே. அதுக்கு பெர்மிட் எடுத்தீங்களா?"

"கூரையா?" என்று திரும்பிப் பார்த்தார்.

"அதோ, அந்தத் தூணும் கவர்மெண்டு ரிசர்வ் நிலத்துலதான் நிக்குது. எப்ப கட்டினது?"

"இவருகிட்டதான் கேக்கணும்" என்று புருஷனைத் தேடினார். புருஷன் அதற்குள் வீட்டுக்குள் போய்விட்டிருந்தார். அந்தம்மாவும் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிக்கொண்டு போனார். தெரு காலி. என் காரை ஓரம் எடுத்தேன், அவர்கள் கார் கிளம்பியது. பதினொன்று நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தாதி நாலு வார்த்தை திட்டிவிட்டுப் படுக்கையைக் கொடுத்தாளாம்.

பிளந்த கதவைத் தவுக்கே எடுத்துப்போனார். "மூணு வாரம் ஆகும்லா" என்றார். சாக்கைப் பற்றிக் கேட்டுவிட்டு, நெடுநேரம் சிரித்தார். திறந்து கிடந்த பக்கத்தில் நீலக் கன்வாஸ் கட்டினோம். காற்றடித்தால் பாவாடை மாதிரி தூக்கும்.

அந்த மூன்று வாரமும் செவ்வாய், வியாழன், சனி பத்தேகாலுக்கு நான் கையில் ஒரு ஃபைலோடு அந்தத் தெருவில் நின்றேன். ஃபைலுக்குள் என் தண்ணீர் பில்தான் இருந்தது. யாரையும் நான் மிரட்டவில்லை. கூரைகளையும் தூண்களையும் அண்ணாந்து பார்த்து, கொஞ்சம் தலையாட்டி, எதையோ எழுதிக்கொள்வேன். எனக்கு இப்போது எந்த அதிகாரமும் இல்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாது, ஏனென்றால் அந்தத் தெருவில் அனுமதியோடு கட்டிய நீட்டிப்பு என் தங்கச்சி வீட்டுக் கராஜ் ஒன்றுதான். இருபத்தைந்து வீட்டில் இருபத்துநாலு வீட்டுக்காரர்கள் பத்தரைக்குள் உள்ளே போய்த் திரையை இழுத்துவிடுவார்கள். பிறகு கன்வாஸைத் தூக்குவோம். அவர் அவளைத் தூக்கி ஏற்றுவார். கார் போகும்.

வெள்ளிக்கிழமை வந்தது. சாத்திக்கொள்ளக் கதவு இல்லை. மச்சான் அதிகாலையில் முடித்துவிடலாம் என்று பார்த்தார், மழை விடவில்லை. ஒன்பது மணிக்குக் கன்வாஸைச் சுருட்டிவிட்டு, பட்டப்பகலில் ஹோஸோடு நின்றார். எதிர்வீட்டம்மா கேட்டண்டை வந்து கொஞ்சநேரம் பார்த்திருக்கிறார். பிறகு, "அண்ணே, அந்த மூலையில அழுக்கு நிக்குது பாருங்க. உப்புத் தண்ணி போட்டுத் தேய்ங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாராம். ஒரு வருடம் சாக்கு திணித்து, ஒரு செங்கால் கதவை அழித்துக் காப்பாற்றிய மானம் இவ்வளவுதான் பெற்றது. அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் திறந்து வைத்தே கழுவுகிறார். சில நாள் பாட்டும் கேட்கிறதாம்.

தங்கச்சி மட்டும் மாறவில்லை. அவள் மாறவேண்டும் என்று நானும் சொல்லவில்லை. வாசல் கழுவுவதும் தூக்கி வைக்கப்படுவதும் ஒன்றில்லை.

கதவு திரும்பி வந்தபோது கீழ்ச்சட்டம் புதிது. கதவுக்கு ஒரு முழம் உள்ளே தரையை வெட்டி, கம்பிமூடி போட்ட சின்ன வடிகால் வைத்து, தண்ணீர் பக்கவாட்டில் போகும்படி செய்தேன். முதல் நாளே செய்திருக்கவேண்டிய வேலை. பராமரிப்புத் தாளையும் புதிதாக எழுதினேன், வெள்ளிக்கிழமைக்கு முதல் வரியில் இடம் கொடுத்து. மச்சான் படித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்துக் கட்டத்தில் என்னையும் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

அன்று சாயங்காலம் தங்கச்சி கூப்பிட்டாள்.

"அண்ணே, செவ்வாய்க்கிழமை நீங்க வரவேணாம். கதவு வந்திருச்சுல்ல. எதிர்வீட்டம்மா பாவம், மூணு வாரமா துணி காயப்போட வெளிய வரலை."

"அந்தக் கூரை தப்புத்தான்."

"தப்புத்தான். வராதீங்க."

நான் போகவில்லை. சாயங்காலம் அவள் திரும்பியிருப்பாள் என்று தெரிந்தபின் கூப்பிட்டு, கதவு சத்தம் போட்டதா என்று மட்டும் கேட்டேன்.

"எனக்கே கேக்கலை" என்றாள்.